இருக்கு, ஆனா ஆப்படல
நம் வீடியோக்களுக்குப் பேர் வைப்பது பற்றி

போன வருசம் ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தங்கச்சி போன் பண்ணினாள். முதுகலை இரண்டாம் வருசம் படிக்கிறாள். பஞ்சமி நிலம் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள்.

"அண்ணா, புத்தகமெல்லாம் பார்த்துட்டேன். நெலத்தப் பறிகொடுத்தவங்க அவங்க வாயால பேசின வீடியோ ஏதாவது இருக்கா? மூணு நாளா யூடியூப்ல தேடறேன். ஒண்ணும் ஆப்படல."

எனக்கு உள்ளுக்குள் பெருமை. "நாமளே போட்டிருக்கோமேம்மா. 52 நிமிசம். ஒரு ஆயா ஒக்காந்து அத்தனையும் சொல்லியிருக்கு. போட்டு நாலு வருசம் ஆச்சு" என்றேன்.

"என்ன பேர்ல அண்ணா?"

"வேர்களின் விசும்பல், பாகம் மூன்று."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "இதத் தட்டணும்னு எனக்கு எப்படிண்ணா தெரியும்?"

அந்தத் தலைப்பை வைத்தவன் நான். கவிதை எழுதுகிறவன் என்று தோழர்கள் என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு டீயைக் குடித்துக்கொண்டே வைத்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நாலு வருசத்தில் அதைப் பார்த்தவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். அதில் பாதி நாங்களே.

போனை வைத்துவிட்டு நானே தேடினேன். 'பஞ்சமி நிலம்' என்று தட்டினேன். வந்தது என்ன தெரியுமா தோழர்களே? பஞ்சமி நிலத்தை வாங்கலாமா, வாங்கினால் சிக்கல் வருமா, பட்டா மாற்றுவது எப்படி. மனை வியாபார ஆலோசனைகள் வரிசையாக நின்றன. நம் நிலத்தை வாங்குகிறவனுக்கு வழி சொல்ல அத்தனை பேர். நிலத்தை இழந்தவளின் குரல் அந்த வரிசையில் இல்லை. ரொம்பக் கீழே இறங்கிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. இத்தனைக்கும் அந்த வியாபாரிகள் யாரும் சூழ்ச்சி செய்து ஆயாவை மறைக்கவில்லை. தேடுகிறவன் எந்தச் சொல்லைத் தட்டுவான் என்று யோசித்து அந்தச் சொல்லை வைத்தார்கள், அவ்வளவுதான். நான் அப்படி யோசிக்கவே இல்லை. ஆயாவை மறைத்தவன் நான்.

இந்தக் கட்டுரை அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக எழுதுவது. கூடவே, இதையே செய்துகொண்டிருக்கிற மற்ற தோழர்களையும் கொஞ்சம் உலுக்குவதற்காக.

*

இருப்பது வேறு, கிடைப்பது வேறு. இதை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அடுத்த வருசம் அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் சாகும்வரை வாராவாரம் எழுதினார். அத்தனை எழுத்தும் அச்சில் இருந்தது. எங்கோ சிலர் வீட்டுப் பெட்டிகளில், பழைய கட்டுகளில் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் அரசியல் பேசிய பல தலைமுறைகள் அவர் பெயரைச் சொல்லாமலே பேசி முடித்தன. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்ட பிறகுதான் ஒரு மாணவன் கடைக்குப் போய் அவரை வாங்க முடிந்தது. நடுவில் 85 வருசம். அந்த 85 வருசமும் பண்டிதர் இல்லாமல் போகவில்லை. தேடியவன் கைக்கு வரவில்லை.

அன்றைக்குக் காகிதம், அச்சகம், பணம் எதுவும் நம் கையில் இல்லை. மறைத்தது சாதி. இன்றைக்கு ஒரு போன் இருந்தால் போதும், பதிவு செய்யலாம், காசில்லாமல் ஏற்றலாம். 2010களின் தொடக்கத்தில் 'தலித் கேமரா' போன்றவர்கள் அந்த வழியைத் திறந்து காட்டினார்கள். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை அரங்குகளில் திரையிட விடாமல் போலீஸ் தடுத்தபோது, 2017இல் அது யூடியூபுக்கு வந்தது. தடையை அப்படித் தாண்டினோம். இப்படிக் கிடைத்த இடத்தில் நாமே 'கனல்', 'தீச்சுடர்', 'எரியும் நெருப்பின் நாக்குகள், பகுதி 7' என்று பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தூர எறிந்தால் யாரைக் குறை சொல்வது? 'கக்கூஸ்' என்ற பெயரைப் பாருங்கள். எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல். ஒரு தரம் காதில் விழுந்தால் போதும், மறுநாள் தேடிப் பிடித்துவிடலாம்.

*

நான் வங்கியில் எழுத்தர். பகல் முழுக்க என் வேலையே தேடுவதுதான். கவுண்டருக்கு ஒரு அம்மா வருவார். பாஸ்புக் தொலைந்திருக்கும். "பேர் என்னம்மா?" "முனிம்மா." கணினியில் தட்டுவேன், வராது. முனியம்மா என்று தட்டுவேன், வராது. முனியம்மாள் என்று தட்டினால் இருபது பேர் வருவார்கள். அப்பா பேர், தெருப்பேர் கேட்டு, கடைசியில் கண்டுபிடிப்போம். கணக்கில் பணம் அப்படியே இருக்கும். எழுதினவன் ஒரு எழுத்தை வேறு மாதிரி எழுதியதால், ஆறு மாசம் அந்த அம்மா பணமில்லை என்று நினைத்துக்கொண்டு வட்டிக்கு வாங்கியிருப்பார். பத்து வருசம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். 2014இலிருந்து இதுதான் நடைமுறை. அதில் நம் சனங்களுடைய பணம் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

யூடியூபின் தேடலும் அப்படி ஒரு பேரேடுதான். தேடலில் எதை முன்னே வைப்பது என்பதற்கு மூன்று விசயங்களைப் பார்ப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது. ஒன்று, பொருத்தம்: தேடுகிறவன் தட்டிய சொல்லும் வீடியோவின் தலைப்பு, விவரக் குறிப்பு, உள்ளடக்கம் இவையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன. இரண்டு, ஈடுபாடு: அந்தச் சொல்லைத் தேடி வந்தவர்கள் அந்த வீடியோவை எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்று, தரம்: அந்த விசயத்தில் நம்பத் தகுந்த இடம் என்பதற்கான அறிகுறிகள். இந்த மூன்றையும் எடைபோடும் தராசு அவர்கள் கையில். அது நியாயத் தராசு என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் தட்டில் வைக்கிற சரக்கு நம் கையில் இருக்கிறது. அதையே வைக்காமல் தராசைத் திட்டிப் பிரயோசனமில்லை.

மெசினுக்குக் காதும் உண்டு. பேசுவதைக் கேட்டுத் தானே வரி எழுதப் பார்க்கும். அதை நம்பி உட்காரக் கூடாது. செய்தி வாசிக்கிறவர் தமிழுக்கே அது தடுமாறும். பல்லுப் போன ஆயா, மாடு கத்த, மழை பெய்ய, "கெரயம் பண்ணிக்கினான்" என்று சொன்னால் அது எதை எழுதும் என்று நான் பார்த்திருக்கிறேன். சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது.

*

சரி, என்ன செய்தோம்? அந்த வீடியோவை எடுத்து உட்கார்ந்தோம். நானும் அந்தத் தங்கச்சியும் இன்னும் இரண்டு தோழர்களும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

முதலில் தலைப்பு. ஏற்றின பிறகும் தலைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வீடியோவைத்தான் மாற்ற முடியாது. இது தெரியாமலே பல தோழர்கள் "போட்டாச்சு, இனி என்ன பண்றது" என்று விட்டுவிடுகிறார்கள். தலைப்புக்கு 100 எழுத்து இடம். ஆனால் தமிழுக்கு அந்த நூறு நூறில்லை. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். கீழவெண்மணி என்பது நமக்கு ஆறெழுத்து, அதன் கணக்கில் பத்து. அதோடு போன் திரையில் தலைப்பின் வால் வெட்டுப்படும். ஆகவே தேடுகிற சொல் முதலில் வர வேண்டும். 'வேர்களின் விசும்பல், பாகம் 3' என்பதை எடுத்துவிட்டு, 'பஞ்சமி நிலத்தை இழந்தது எப்படி? செங்கல்பட்டு மாவட்ட மூதாட்டி வாக்குமூலம்' என்று வைத்தோம். எனக்குப் பிடிக்கவில்லைதான். ஒரு கவிஞனுக்கு அது மனுவின் பொருள் வரி மாதிரி இருந்தது. அப்புறம் யோசித்தேன். ஆயா பேசியது மனு இல்லாமல் வேறென்ன?

என் பழைய தலைப்பு விவரக் குறிப்பில் ஒரு ஓரமாக இன்னும் இருக்கிறது. அவ்வளவு ஆசை எனக்கு.

அடுத்தது விவரக் குறிப்பு. 5000 எழுத்துவரை எழுதலாம். நாங்கள் முன்பு எழுதியிருந்தது ஒரே வரி: 'பாருங்கள், பகிருங்கள்.' அந்த இடத்தில்தான் ஒரு பொருளுக்கு இருக்கிற எல்லாப் பெயர்களும் வர வேண்டும். பஞ்சமி நிலம் என்று நாம் மேடையில் சொல்கிறோம். தாலுகா ஆபீசில் அது டி.சி. நிலம். சில ஊரில் கண்டிசன் பட்டா, நிபந்தனை பட்டா. படித்தவன் திரமென்கீர் அறிக்கை என்று தேடுவான். அந்தக் கலெக்டர் பெயரையே திரமென்ஹீர், ட்ரெமென்கீர் என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். ஆய்வு மாணவன் 1892 அரசாணை 1010 என்று தட்டுவான். போராட்டத்தை நினைவில் வைத்திருக்கிறவன் காரணை என்று தட்டுவான். 1994 அக்டோபர் 10 அன்று பஞ்சமி நில மீட்புக்காக நின்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்ட போராட்டம் அது. கரணை என்று எழுதுகிறவனும் உண்டு. இத்தனை கதவு வழியாகவும் ஆட்கள் வருவார்கள். எல்லாக் கதவும் ஆயா வீட்டுத் திண்ணைக்கு வர வேண்டும்.

ஆனால் சொற்களை மூட்டையாகக் கட்டி அங்கே கொட்டக் கூடாது. அப்படிக் கொட்டுவது அவர்கள் விதிப்படியும் தப்பு, படிக்கிறவனுக்கும் எரிச்சல். வாக்கியமாக எழுதுங்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த இந்த நிலத்தை முதல் பத்து வருசம் யாருக்கும் விற்க முடியாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயேதான் கைமாற முடியும் என்ற நிபந்தனையை நாலு வரியில் எழுதினோம். வீடியோவைப் பார்க்காமல் அந்த நாலு வரியை மட்டும் படித்தவனுக்கும் ஒரு விசயம் போய்ச் சேரும். மடிந்திருக்கிற விவரக் குறிப்பில் வெளியே தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிதான். நன்றி, தொடர்பு எண், சந்தா எல்லாம் கடைசிக்குப் போகட்டும்.

டேக் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நிறையப் பேர் அதைத்தான் மந்திரம் மாதிரி நம்புகிறார்கள். அதற்குப் பெரிய பங்கு இல்லை என்று யூடியூபே சொல்கிறது. பெயரை ஆட்கள் தப்பாக எழுதிப் பழகியிருந்தால் அந்த எழுத்துகளை அங்கே வைக்கலாம். வெண்மணி நல்ல உதாரணம். 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரை எரித்த ஊரை ஒருவன் கீழ்வெண்மணி என்று தட்டுவான், ஒருவன் கீழவெண்மணி, ஒருவன் வெறும் வெண்மணி. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவன் நம் 'ழ'வை மூன்று விதமாக எழுதுவான். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் தட்டுகிறார்கள். தமிழ்ப்பற்று காரணமாக அவர்களை வெளியே நிறுத்தக் கூடாது. ஒரு வரி ஆங்கில எழுத்திலும் இருக்கட்டும்.

மூன்றாவது, நேரக் குறிப்பு. 52 நிமிசத்தை முழுசாகப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. விவரக் குறிப்பில் 00:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று இடங்களுக்கு நேரமும் தலைப்பும் வரிசையாக எழுதினால் வீடியோ அத்தியாயங்களாகப் பிரியும். ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். 'தாத்தாவுக்குப் பட்டா கிடைத்தது', 'இரண்டு மூட்டை நெல்லுக்குக் கைநாட்டு', 'தாலுகா ஆபீசில் நடந்தது' என்று ஏழாகப் பிரித்தோம். கைநாட்டு வைத்த கதை 19ஆம் நிமிசத்தில் இருக்கிறது. நாலு வருசமாக அதுவரை யாரும் போகவே இல்லை.

நாலாவது, வசன வரி. இதுதான் முதுகை ஒடிக்கிற வேலை. பேச்சு முழுவதையும் கேட்டு எழுத வேண்டும். முன்பெல்லாம் பார்க்கிறவர்களே எழுதி உதவ ஒரு வசதி இருந்தது. 2020 செப்டம்பர் 28 அன்று அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது போட்டவரோ அவர் அனுமதித்தவரோதான் எழுத முடியும். நாலு பேர் 13 நிமிசம் வீதம் பங்கு போட்டுக்கொண்டோம். ஆயா பேச்சை ஆயா பேச்சாகவே எழுதினோம். 'கெரயம்' என்பதை 'கிரயம்' என்று திருத்தவில்லை. காது கேளாத நம் தோழர் ஒருவர் அந்த வீடியோவை முதல் தடவையாகப் பார்த்தார். கூட்டத்துக்கெல்லாம் வருகிறவர், பதாகை எழுதுகிறவர். அவரை நாலு வருசமாக நாங்கள் நினைக்கவே இல்லை. தேடலுக்காகத் தொடங்கிய வேலை எங்களுக்கு இன்னொரு பாடமும் நடத்தியது.

ஒரு எச்சரிக்கை. சிறுபத்திரிகைக்காரர்கள் பாமினியிலோ வானவில்லிலோ தட்டி வைத்ததை அப்படியே ஒட்டாதீர்கள். அங்கே அது கோழி கிறுக்கினதாகத்தான் தெரியும். யூனிகோடில் எழுதுங்கள். போஸ்டருக்குள் எழுதிவிட்டோமே என்றும் இருக்காதீர்கள். படத்துக்குள் இருப்பது படம்தான். இன்னொன்று, 'பட்டியலிடப்படாதது' என்ற அமைப்பில் வைத்த வீடியோ தேடலில் வரவே வராது. சரிபார்க்கப் போட்டுவிட்டுத் திறக்க மறந்த ஆறு வீடியோக்கள் எங்கள் கணக்கிலேயே கிடந்தன.

*

இதைக் கூட்டத்தில் சொன்னபோது மூத்த தோழர் ஒருவர் கோபப்பட்டார். "சோப்பு விக்கிறவன் பண்ற வேலய நம்மளப் பண்ணச் சொல்றியா? தண்டோரா போடறதா நம்ம வேல?"

தண்டோரா என்ற சொல்லை அவர் எடுத்ததால் அதையே பிடித்துக்கொள்கிறேன். ஊரான் சேதியைச் சொல்ல நம் தாத்தன்களைப் பறை அடிக்க வைத்தார்கள். ஏலம், வரி, வெள்ளம் எல்லாவற்றுக்கும் நாம் அடித்தோம். 2022இல்தான் தமிழ்நாடு அரசு தண்டோராவைத் தடை செய்யச் சொன்னது. அத்தனை காலத்தில் நம் வீட்டுச் சாவையும் நம் நிலம் போனதையும் அதே தெருக்களில் சொல்ல யாராவது விட்டார்களா? நம் சேதியை நாம் சொல்வதற்கும் அடிமை வேலைக்கும் வித்தியாசம் இருக்கிறது தோழர்.

ஆனால் அவர் பயத்தில் நியாயமும் இருக்கிறது. தேடலில் மேலே வர வேண்டும் என்ற ஆசை தலைக்கேறினால் என்ன ஆகும்? 'கதறி அழுத பாட்டி! கடைசி வரை பாருங்க!' என்று வைக்கத் தோன்றும். ஆயாவின் கண்ணீரை முகப்புப் படமாக்கி, அதில் சிவப்பு வட்டம் போடத் தோன்றும். செத்த உடலின் படத்தை வைக்கத் தோன்றும். இது நம் சனங்களை இன்னொரு தடவை காட்சிப் பொருளாக்குவது. ஏமாந்து வந்தவன் அரை நிமிசத்தில் ஓடிவிடுவான், அப்புறம் தேடலும் கீழே தள்ளிவிடும். கொடூரப் படம் வைத்தால் வயதுக் கட்டுப்பாடு போட்டுவிடுவார்கள். பதினெட்டு வயதாகாத பிள்ளையும், கணக்குத் திறக்காமல் பார்க்க வருகிறவனும் உள்ளே வர முடியாது. ஆயா நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கிற படத்தைத்தான் வைத்தோம். பின்னால் அந்த நிலம் தெரிகிறது.

அதைவிடக் கடினமான கேள்வி சாதிப் பெயர். ஆட்கள் சாதிப் பெயரைத் தட்டித்தான் தேடுகிறார்கள். அந்தப் பெயரைத் தலைப்பில் வைக்கலாமா? இது புதுக் கேள்வி இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் இதழ் தொடங்கியபோது 'பறையன்' என்றே பேர் வைத்தார். ஒளிந்துகொள்ளாமல், அந்தப் பெயரோடே வந்து உரிமை கேட்போம் என்பது அவர் வழி. அந்தப் பெயரே நம்முடையதில்லை என்று மறுத்தவர் அயோத்திதாசர். அவர் 'தமிழன்' என்று வைத்தார். இரண்டு பேரும் பெயரை விளையாட்டாக வைக்கவில்லை. என் கருத்து இது: பேசுகிறவர் தன்னை எந்தப் பெயரால் சொல்லிக்கொள்கிறாரோ அது இருக்கலாம். தலித், ஆதிதிராவிடர், பட்டியல் சாதி என்று சட்டத்திலும் இயக்கத்திலும் புழங்குகிற சொற்கள் இருக்க வேண்டும். வசைச் சொல்லைத் தட்டித் தேடுகிறவன் நம்மைக் கண்டுபிடிக்காமல் போனால் நட்டமில்லை. வேறு கருத்துள்ள தோழர்கள் எழுதட்டும், இது பேசித் தீர்க்க வேண்டியது.

*

இனி நான் சொல்லப் போவதுதான் எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது.

புதுத் தலைப்போடு விவரக் குறிப்பில் ஊர்ப்பெயரையும் சர்வே நம்பரையும் எழுதியிருந்தோம். நினைத்தபடியே தேடலில் அகப்படத் தொடங்கியது. பல்லாயிரம் பேர் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்று புள்ளிவிவரப் பக்கத்தில் பார்க்கலாம். 'டி.சி. நிலம் மீட்பு', 'பஞ்சமி நிலம் புகார்' என்று தேடி வந்திருந்தார்கள். எங்களுக்குச் சந்தோசம். இரண்டு மாசத்தில் ஆயாவின் பேரன் போன் பண்ணினான். ஊரிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து, "பாட்டி வீடியோல்லாம் பேசுதாமே" என்று விசாரித்துவிட்டுப் போனார்களாம்.

நண்பன் தேடினால் கிடைக்கிறது எதிரி தேடினாலும் கிடைக்கும். இதை யோசிக்காமல் எப்படி இருந்தோம்? அன்று ராத்திரியே ஊர்ப்பெயர், நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மறுநாள் பேருந்து பிடித்து ஆயாவைப் பார்க்கப் போனோம், மன்னிப்புக் கேட்க.

ஆயா எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தது. எடுத்துவிட்டோம் ஆயா, பயப்படாதே என்றேன். ஆயாவுக்கு வந்ததே கோபம். "எதுக்குடா எட்த்த? எந்த ஊருன்னு சொல்லாம வுட்டா அது யாரு நெலம்டா? யார் வேணா யார் நெலத்தயும் பேசலாம். தெரியட்டும்னுதான ஒக்காந்து பேசனேன்."

பேரன் பக்கத்தில் நின்றான். அவன் கம்பெனி வேலைக்குப் போய்த் திரும்பும்போது ராத்திரி பதினொரு மணி. தனியாக வர வேண்டிய பாதை. அவன் பயமும் பொய்யில்லை. ஆயா, பேரன், தெருவில் நாலு பெரியவர்கள், நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். முடிவு அவர்களுடையது. ஊர்ப்பெயர் இருக்கட்டும். சர்வே நம்பர் மனுவில் இருக்கட்டும், எழுத்தில் இங்கே வேண்டாம். பேரன் பெயர், வீட்டு அடையாளம் எதுவும் வேண்டாம். தாசில்தாருக்குக் கொடுக்கும் மனுவில் இந்த வீடியோவையும் சேர்க்க வேண்டும், தனியாக ஆயா மட்டும் நிற்காமல் தெருவே கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கூட்டத்தை நாலு வருசத்துக்கு முன்பு, கேமராவை நிறுத்தின அன்றைக்கே நடத்தியிருக்க வேண்டும். "போட்டுக்கட்டுமா ஆயா?" என்று கேட்டது மட்டும் போதாது. "யார் வேணா தேடிக் கண்டுபிடிக்கற மாதிரி போடப்போறோம், எது எது தெரியலாம்?" என்று கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்காமல் பெயர் வைக்கிற உரிமை எந்தக் கவிஞனுக்கும் இல்லை.

*

கடைசியாக ஒன்று. யூடியூப் நம் வீடு இல்லை. 2005இல் தொடங்கி, 2006இல் கூகுள் வாங்கிய ஒரு கம்பெனி. நாளைக்கு விதியை மாற்றலாம், வீடியோவை எடுக்கலாம், கணக்கையே மூடலாம். அதனால் மூலப் பதிவு இரண்டு இடத்தில் நம்மிடம் இருக்க வேண்டும். கூடவே ஒரு நோட்டு: எந்த நாள், எந்த ஊர், பேசியது யார், எடுத்தது யார், என்ன பேசினார், எதைச் சொல்லலாம் என்றார். யூடியூபில் எழுத வேண்டிய தலைப்பும் விவரமும் அந்த நோட்டிலிருந்துதான் வரும். நோட்டு இல்லாதவனுக்கு என்ன தலைப்பு வைப்பது என்றே தெரியாது. அப்போதுதான் 'கனல்' என்று வைப்பான். என் அனுபவம் அது.

தோழர்களே, உங்கள் அமைப்பின் கணக்கைத் திறந்து பாருங்கள். பேசினவர் பெயர், ஊர், வருசம் இல்லாத வீடியோக்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அதில் ஒன்றை எடுங்கள். பேசினவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். அப்புறம், ஊரில் படிக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "இதத் தேடணும்னா நீ என்னன்னு தட்டுவ?" என்று கேளுங்கள். அவள் சொல்கிற சொல்லை எழுதுங்கள்.

அந்தத் தங்கச்சி ஆய்வேட்டை முடித்துவிட்டாள். ஆயாவின் வாக்குமூலம் அதில் ஒரு தனி இயல். மனு தாலுகா ஆபீசில் இருக்கிறது. அதையும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம், எந்த மேசையில் இருக்கிறதென்று.